'தீபன்' படத்தில் வரும் அந்த வெள்ளைக் கோடு: போர் முடிந்தும் மனசுக்குள் சண்டை ஓயாதது ஏன்? வடசென்னைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பாரிஸ் புறநகரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. போதைப்பொருள் கும்பல்களின் துப்பாக்கிச் சத்தம் கேட்ட பிறகு, அங்கே காவலாளி வேலை பார்க்கும் ஒரு தமிழர் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே தரையில் வெள்ளைக் கோடு ஒன்றை இழுக்கிறார். இந்தப் பக்கம் யாரும் சுடக்கூடாது, இது பாதுகாப்பு வலயம் என்பது அவர் கணக்கு. அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்த ஆளுக்கு என்ன ஆச்சு என்றே விளங்கவில்லை.

படம் பார்க்கும் தமிழர்களுக்கு விளங்கும். 2009-ல் முல்லைத்தீவில் இலங்கை அரசு இப்படித்தான் வரைபடத்தில் கோடு போட்டு 'பாதுகாப்பு வலயம்' என்று அறிவித்தது. மக்கள் உள்ளே திரண்டார்கள். அந்த வலயங்களுக்குள்ளும் அரசுப் படையின் ஷெல் விழுந்தது என்றும், வெளியேற முயன்ற மக்களைப் புலிகள் சுட்டார்கள் என்றும் 2011-ல் வெளியான ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை சொல்கிறது. அங்கிருந்து தப்பி வந்த ஒருவர் ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, யாரும் கேட்காமலே அதே கோட்டைத் திரும்பப் போடுகிறார்.

2015-ல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது வாங்கிய 'தீபன்' படத்தின் காட்சி இது. சண்டைக் களத்தைக் காட்டாமல், சண்டை ஒரு மனுசனை என்ன செய்து வைக்கிறது என்பதைக் காட்டிய படம்.

'தீபன்' கதை என்ன?

இயக்கியவர் பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஓடியார். ஆனால் படத்தில் பெரும்பகுதி பேச்சு தமிழ்தான். போரின் கடைசி நாட்களில் படம் தொடங்குகிறது. பனை ஓலைகளை அடுக்கி, இறந்துபோன சக போராளிகளை எரிக்கிறார் சிவதாசன். தன்னுடைய சீருடையையும் அதே நெருப்பில் போடுகிறார். மனைவி, பிள்ளைகள் ஏற்கெனவே போய்விட்டார்கள். இறந்துபோன வேறொரு குடும்பத்தின் கடவுச்சீட்டுகள் கிடைக்கின்றன. அதில் இருக்கும் பெயர் தீபன். முன்பின் தெரியாத யாழினி என்ற பெண்ணும், பெற்றோரை இழந்த ஒன்பது வயதுச் சிறுமி இளையாளும் சேர்ந்து 'குடும்பம்' ஆகிறார்கள். மூன்று பேரும் பிரான்ஸ் போய்ச் சேருகிறார்கள்.

தீபனாக நடித்தவர் எழுத்தாளர் ஷோபாசக்தி, அதாவது அந்தோணிதாசன் யேசுதாசன். யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் அல்லைப்பிட்டியில் பிறந்தவர். பதின்ம வயதில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் சேர்ந்து, பிறகு விலகி, தாய்லாந்து வழியாக 1993-ல் பிரான்ஸில் தஞ்சம் அடைந்தவர். படத்தில் வருவதில் ஏறக்குறைய பாதி தன் வாழ்க்கைதான் என்று பேட்டிகளில் அவரே சொல்லியிருக்கிறார். யாழினியாக நடித்த காளீஸ்வரி சீனிவாசன் சென்னை மேடை நாடகத்தில் இருந்து போனவர். அவருக்கு இதுதான் முதல் படம்.

பிடிஎஸ்டி என்றால் என்ன?

போரில் இருந்து திரும்பியவர்களுக்கு வரும் இந்தப் பாதிப்புக்குக் காலத்துக்குக் காலம் ஒவ்வொரு பெயர். முதல் உலகப்போரில் 'ஷெல் ஷாக்' என்றார்கள். 1915-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் சார்லஸ் மயர்ஸ் என்ற மருத்துவர் இந்தச் சொல்லைப் பயன்படுத்தி எழுதினார். அந்தக் காலத்தில் இப்படி ஆன சிப்பாய்களைக் கோழை என்று தண்டித்ததும் உண்டு. வியட்நாம் போரில் இருந்து திரும்பிய அமெரிக்க வீரர்கள் கேட்டுக் கேட்டு அழுத்தம் கொடுத்த பிறகு, 1980-ல்தான் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் இதை 'பிடிஎஸ்டி' என்ற பெயரில் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்தக் கோளாறு என்று தமிழில் சொல்லலாம். யாழ்ப்பாணத்து மருத்துவர்கள் 'மனவடு' என்று ஒரு சொல்லைப் புழக்கத்தில் கொண்டுவந்தார்கள். சுருக்கமாகவும் இருக்கிறது, சரியாகவும் இருக்கிறது. காயம் ஆறிவிட்டது, வடு போகவில்லை.

அதிர்ச்சியான சம்பவத்துக்குப் பிறகு சில நாள் தூக்கம் வராமல் போவது, பயப்படுவது எல்லோருக்கும் நடப்பதுதான். அது நோய் இல்லை. ஒரு மாதத்தைத் தாண்டியும் தொடர்ந்து, வேலையையும் வீட்டையும் பாதிக்க ஆரம்பித்தால்தான் மருத்துவர்கள் பிடிஎஸ்டி என்று பார்ப்பார்கள். நான்கு விதமான அறிகுறிகளைத் தேடுவார்கள். நடந்த சம்பவம் கனவிலும் நினைவிலும், இப்போதுதான் நடப்பது போலத் திரும்பத் திரும்ப வருவது. அதை நினைவூட்டும் இடம், ஆள், பேச்சு எல்லாவற்றையும் தவிர்ப்பது. எதிலும் ஒட்டுதல் இல்லாமல் மரத்துப்போவது, தன்மேலேயே குற்றம் சுமத்திக்கொள்வது. எப்போதும் உஷாராகவே இருப்பது: சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுதல், சட்டென்று வரும் கோபம், தூக்கமின்மை.

படத்தில் இவை எங்கே தெரிகின்றன?

'தீபன்' படத்தில் மருத்துவர் வந்து நோயின் பெயரைச் சொல்லும் காட்சி கிடையாது. போர்க்களம் கனவாக வந்து அலறி எழும் வழக்கமான காட்சியும் இல்லை. அதற்குப் பதில் ஓடியார் ஒரு யானையைக் காட்டுகிறார். இலைகளுக்கு நடுவே மெதுவாக அசையும் யானையின் முகம் அவ்வப்போது வந்து போகும். விளக்கம் எதுவும் தரப்படுவதில்லை.

உஷார் நிலை படம் முழுக்க இருக்கிறது. குடியிருப்புக்கு வந்த முதல் நாளில் இருந்தே தீபன் எந்த வாசலில் யார் நிற்கிறார்கள், யார் எப்போது வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறார். லிஃப்டைப் பழுது பார்க்கிறார், குப்பை அள்ளுகிறார், பொறுப்பான ஆள் என்று பெயர் எடுக்கிறார். பார்ப்பவர்களுக்கு இவர் பிழைத்துக்கொண்டார் என்றே தோன்றும். இந்த இடத்தில்தான் படம் ரொம்ப நேர்மையாக இருக்கிறது. மனவடு உள்ளவர் என்றாலே மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருப்பார் என்று நினைக்கிறோம். நிஜத்தில் பல பேர் காலையில் எழுந்து வேலைக்குப் போய்விட்டு வருகிறவர்கள்.

பிறகு பழைய தளபதி ஒருவர் வந்து ஆயுதம் வாங்கப் பணம் திரட்டச் சொல்கிறார். எனக்குப் போர் முடிந்துவிட்டது என்று தீபன் மறுக்க, அடி விழுகிறது. அதன் பிறகு ஒரு ராத்திரி தனியாகக் குடித்துவிட்டு, பழைய இயக்கப் பாட்டைப் பாடிக்கொண்டே கண்ணீர் விடுகிறார் தீபன். வெறுத்து விட்டு வந்த அதே வாழ்க்கைக்காகத்தான் அழுகிறார். ஷோபாசக்தி நடித்ததில் இதுதான் உச்சம் என்று சொல்லலாம்.

பாதிப்பு அவரோடு நிற்கவில்லை. பள்ளிக்கூடத்தில் விளையாட்டில் சேர்த்துக்கொள்ளாத பிள்ளையை இளையாள் அடித்துவிடுகிறாள். யாழினிக்கு இங்கிலாந்தில் இருக்கும் உறவினரிடம் ஓடிப்போவதைத் தவிர வேறு நினைப்பில்லை. தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் சிறுமியைக் கூட அணைக்கத் தெரியாமல் தடுமாறுகிறாள். துப்பாக்கி பிடித்தது ஒருவர்தான். ஆனால் போர் வீட்டில் இருக்கும் மூன்று பேருக்குள்ளும் இருக்கிறது.

இலங்கையில் இதற்குக் கணக்கும் உண்டு. போர் முடிந்த சில மாதங்களில், 2009 ஜூலை முதல் செப்டம்பர் வரை யாழ்ப்பாண மாவட்டத்தில் நடந்த ஓர் ஆய்வு 2011-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது. பிடிஎஸ்டி அறிகுறி 7 சதவீதம் பேருக்கு, மனச்சோர்வு 22.2 சதவீதம், பதற்றம் 32.6 சதவீதம். பிடிஎஸ்டியை விட மற்ற இரண்டும் பல மடங்கு அதிகம் என்பதைக் கவனிக்க வேண்டும். போர் என்றாலே பிடிஎஸ்டி மட்டும்தான் என்று நினைத்தால் பாதிக்கு மேற்பட்டவர்களைத் தவறவிட்டுவிடுவோம்.

சரி, வடசென்னை இதில் எங்கே வருகிறது?

துறைமுகத்தில் வருகிறது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி, ஜெர்மன் போர்க்கப்பல் 'எம்டன்' சென்னைத் துறைமுகத்தின் மேல் சுமார் 130 குண்டுகளை வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. அடுத்த நாட்களில் ஊரைவிட்டுக் கிளம்பியவர்கள் ஏராளம். கப்பல் போய்விட்டது; பயம் மட்டும் சொல்லாகத் தங்கிவிட்டது. 'அவன் பெரிய எம்டன்' என்று இன்றைக்கும் சொல்கிறோம். 2006-ல் வந்த 'எம் மகன்' படத்துக்கு முதலில் வைத்த பெயரே 'எம்டன் மகன்'தான்.

இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் படைகள் நெருங்கியதும் 1942 ஏப்ரலில் சென்னையே பாதி காலியானது. அதே ஆண்டு பர்மாவில் இருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள் காடு மலை தாண்டி நடந்தே வந்தார்கள். வழியில் செத்தவர்கள் பல ஆயிரம். அதற்குப் பிறகு 1960-களில் பர்மாவில் இருந்து கப்பலில் வந்து இறங்கியவர்கள்தான் வியாசர்பாடி பக்கம் குடியேறினார்கள், துறைமுகத்துக்கு எதிரே 1969-ல் பர்மா பஜாரைத் தொடங்கினார்கள். இன்றைக்கு அங்கே அத்தோ சாப்பிடுகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியும்?

தமிழ் சினிமா இதைத் தொடவே இல்லை என்று சொல்ல முடியாது. 1952-ல் வந்த 'பராசக்தி'யை அடுக்குமொழி வசனத்துக்காகவே நினைவில் வைத்திருக்கிறோம். கதை தொடங்குவது போர்க்கால ரங்கூனில். நடந்து வரும் வழியில் குண்டுவீச்சில் ஓர் அண்ணன் காலை இழக்கிறான், பிச்சை எடுக்கிறான். கப்பலில் சென்னை வந்து எல்லாவற்றையும் பறிகொடுக்கும் தம்பி குணசேகரன் பைத்தியம் போல நடித்து வயிற்றைக் கழுவுகிறான். போர் தந்த பைத்தியத்தை அன்றைய சினிமா வேஷமாகத்தான் காட்டியது. நிஜமான மனக்காயமாகக் காட்ட இன்னும் பல வருஷம் பிடித்தது.

1990 மார்ச்: வரவேற்க முதல்வர் வராத கப்பல்

துறைமுகத்தின் இன்னொரு நாளும் இந்தக் கதையில் உண்டு. 1987 ஜூலையில் இந்திய - இலங்கை ஒப்பந்தப்படி இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படை, 1990 மார்ச் 24-ல் கடைசியாக வெளியேறியது. வீரர்கள் கப்பலில் சென்னைத் துறைமுகம் வந்தார்கள். அமைதிப்படையின் கையால் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள் என்ற காரணத்தைச் சொல்லி, அவர்களை வரவேற்க அன்றைய முதல்வர் மு. கருணாநிதி போகவில்லை. அமைதிப்படையில் உயிரிழந்தவர்கள் ஏறத்தாழ 1,200 பேர்.

முதல்வர் போகாதது சரியா, தவறா என்ற அரசியல் விவாதம் முப்பது வருஷத்துக்கு மேலாக ஓடுகிறது. யாழ்ப்பாணத்தில் அமைதிப்படைக் காலத்தில் சொந்தக்காரர்களைப் பறிகொடுத்தவர்களின் கோபத்துக்கும் நியாயம் உண்டு. ஆனால் மனநல மருத்துவம் இதில் வேறொன்றைப் பார்க்கிறது. வியட்நாமில் இருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களை வைத்து நடந்த ஆய்வுகளில், ஊர் எப்படி எதிர்கொண்டது என்பதும் பிடிஎஸ்டியை நிர்ணயிக்கும் காரணங்களில் ஒன்றாக வந்தது. எதற்காகப் போனோம், யாருக்காகச் சண்டை போட்டோம் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் இறங்கும் சிப்பாய்க்குக் காயம் இன்னும் ஆழமாகும். அமைதிப்படை வீரர்களின் மனக்காயத்தைப் பற்றித் தமிழில் ஒரு முழுப் படம் கூடச் சொல்லிக்கொள்ளும்படி வரவில்லை.

இந்தியில் வந்தது. 2013-ல் வெளியான 'மெட்ராஸ் கஃபே' படத்தில் யாழ்ப்பாணத்தில் வேலை பார்த்த உளவு அதிகாரி, பிறகு கசௌலியில் தாடியும் குடியுமாகக் கெட்ட கனவுகளோடு வாழ்கிறார். தேவாலயத்தில் பாதிரியாரிடம் தன் கதையைச் சொல்கிறார். ஈழப் போராட்டத்தைக் காட்டிய விதத்துக்குக் கிளம்பிய எதிர்ப்பால் அது தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் வரவில்லை. 2024 தீபாவளிக்கு வந்த 'அமரன்', காஷ்மீரில் 2014 ஏப்ரலில் வீரமரணம் அடைந்த மேஜர் முகுந்த் வரதராஜனின் கதையை அவர் மனைவியின் பார்வையில் சொன்னது. வீட்டில் காத்திருப்பவர்களின் பதற்றம் அதில் நன்றாகவே வந்திருக்கிறது. திரும்பி வந்தவர்களின் ராத்திரிகள் அதன் கதை இல்லை.

கும்மிடிப்பூண்டி லோக்கலில் போகிறவர்கள்

சென்னையில் இருந்து கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர் தாண்டிப் போகும் லோக்கல் டிரெயினின் ஒரு முனை கும்மிடிப்பூண்டி. அங்கே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. புழலிலும் ஒன்று. தமிழ்நாடு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள். 2021-ல் தமிழ்நாடு அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. 1990-க்குப் பிறகு வந்தவர்களும், அவர்களுக்கு இங்கேயே பிறந்த பிள்ளைகளும், அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளும் இங்கே வாழ்கிறார்கள். பெயின்டிங் வேலை, கட்டட வேலை, பக்கத்துத் தொழிற்சாலைகளில் தினக்கூலி என்று பிழைப்பு.

'தீபன்' குடும்பம் பிரான்ஸில் எதிர்கொள்ளும் தஞ்சக் கோரிக்கை விசாரணையை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவில் உள்ள தமிழ்த் தஞ்சக் கோரிக்கையாளர்கள், அகதிகள், குடியேறிகள் என மூன்று தரப்பையும் வைத்து அங்குள்ள மனநல ஆய்வாளர்கள் 1999-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஊரில் பட்ட கொடுமைதான் பிடிஎஸ்டிக்குப் பெரிய காரணம். அதோடு, போன நாட்டில் அனுபவிக்கும் நெருக்கடியும் அறிகுறிகளைக் கூட்டுகிறது என்பது அதன் முடிவு. அதாவது, தப்பி வந்துவிட்டதாலேயே குணமாகிவிடாது. நாளைக்கு இங்கே இருக்க விடுவார்களா என்ற கேள்வியே தனி நோய்.

முகாமில் இருப்பவர்களுக்கு அந்தக் கேள்வி இன்னும் முடியவில்லை. 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தின் வரம்பில் இலங்கை இல்லை. பிரான்ஸில் தீபனுக்குச் சில மாதங்களில் கிடைத்த காகிதம், கும்மிடிப்பூண்டியில் முப்பது வருஷம் இருந்தவருக்குக் கிடைக்கவில்லை.

படத்தின் முடிவு ஏன் சர்ச்சையானது?

கடைசிக் காட்சிகளில், கும்பல் சண்டைக்கு நடுவே மாட்டிக்கொண்ட யாழினியைக் காப்பாற்ற தீபன் கத்தியோடு மாடிப்படி ஏறுகிறார். புகை, கால்கள், விழும் உடல்கள். புதைத்து வைத்திருந்த போராளி வெளியே வந்துவிடுகிறான். அடுத்த காட்சியில் இங்கிலாந்து, வெயில், தோட்டம், கைக்குழந்தை. அது நிஜமா, தீபனின் கனவா என்று விமர்சகர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். பாரிஸ் புறநகரை யுத்தபூமி போலக் காட்டிவிட்டார் என்றும் பிரான்ஸில் குறை சொன்னார்கள்.

மனநலக் கோணத்தில் பார்த்தால் குறை வேறு. ஒரு மணி நேரத்துக்கு மேல் பொறுமையாகக் காட்டிய காயத்தை, ஒரு சண்டை போட்டதும் ஆற்றிவிட்டது போலப் படம் முடிகிறது. வன்முறை மனவடுவுக்கு மருந்து இல்லை. அது புதுக் காயம். பழையபடி ஆயுதம் எடுத்தவர் அடுத்த நாள் தோட்டத்தில் சிரித்துக்கொண்டிருக்க மாட்டார். கனவு என்று எடுத்துக்கொண்டால்தான் அந்த முடிவு படத்தின் மற்ற பகுதிக்குப் பொருந்துகிறது.

சிகிச்சை உண்டா? எங்கே போவது?

உண்டு. நடந்ததைப் பாதுகாப்பான சூழலில், கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ளப் பழக்கும் பேச்சு சிகிச்சை முதல் வழி. கண் அசைவை வைத்துச் செய்யும் 'இஎம்டிஆர்' சிகிச்சையும் பயன் தருகிறது. தேவைப்பட்டால் செர்ட்ராலின், பராக்ஸெடின் போன்ற மருந்துகளை மனநல மருத்துவர் எழுதித் தருவார். கடையில் தானாக வாங்கிப் போடக்கூடாது. தூக்கம் வருதேன்னு குடிக்க ஆரம்பிப்பதுதான் பலருக்கும் நடக்கிறது. அன்றைக்குத் தூக்கம் வரும், ஆனால் பாதி ராத்திரியில் கலையும்; நாள்பட நோயும் முற்றும், குடியும் ஒட்டிக்கொள்ளும்.

வீட்டில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். என்ன நடந்துச்சு, சொல்லு சொல்லு என்று கட்டாயப்படுத்தக் கூடாது. பேசும்போது கேட்டால் போதும். திடீரென்று பின்னால் இருந்து தொட்டு எழுப்புவது, பட்டாசு நேரத்தில் கேலி செய்வது எல்லாம் வேண்டாம். தற்கொலை எண்ணம் பற்றிப் பேசினால் தனியாக விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும்.

வடசென்னையில் இருப்பவர்களுக்குப் பக்கத்தில் இருப்பது ஸ்டான்லி அரசு மருத்துவமனை. அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. கீழ்ப்பாக்கத்தில் 1794-ல் தொடங்கிய அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. நேரில் போகத் தயக்கம் இருந்தால், மத்திய அரசின் 'டெலி மானஸ்' இலவச உதவி எண் 14416-க்கு 24 மணி நேரமும் போன் செய்யலாம், தமிழிலேயே பேசலாம்.